இரண்டு ஏ, ஒரு பியோடு கம்பஸ் போய் முதல் செமஸ்டரிலேயே பெயிலான கதை

உயர்தரப் பரீட்சை முடிவு வந்தபோது எனக்கு இணைந்த கணிதத்தில் ஏ, பௌதிகவியலில் ஏ, இரசாயனவியலில் பி. நுவரெலியா மாவட்டத்திலிருந்து பௌதிக விஞ்ஞானத்துக்குத் தெரிவாகி 2022இல் கம்பஸ் போனேன். முதல் செமஸ்டர் முடிவில் ஐந்து பாடங்களில் மூன்றுக்கு சி கூட வரவில்லை. எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப் போவதில்லை, எந்த விஞ்ஞான பீடத்தில் நடந்திருந்தாலும் கதை இப்படித்தான் இருந்திருக்கும். இந்த வருஷமும் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கமிருந்து பிள்ளைகள் போகிறார்கள். போவதற்கு முன் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம் என்று நான் நினைத்ததையெல்லாம் அவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

கெட்டிக்காரப் பிள்ளை பெயிலானால் ஊரில் ஆயத்தமாக மூன்று காரணம் வைத்திருப்பார்கள்: ஃபோன், காதல், ராகிங். எனக்கு முதல் இரண்டும் இல்லை. மூன்றாவது கொஞ்சம் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன். என் பெட்ச்சில் யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று ஏயோடு, என்னைவிட எவ்வளவோ கூடிய இசட் புள்ளியில் (பல்கலைக்கழகத் தெரிவுக்கு எடுக்கிற புள்ளி) வந்த ஒரு பையனும் நான் விழுந்த அதே கணிதப் பாடத்தில் பெயில். மலையகப் பிள்ளைகளான நாங்கள் மாவட்டக் கோட்டாவில் வந்தவர்கள், அதனால்தான் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று காதுபடவே சொன்னார்கள். அந்தப் பேச்சு எனக்குள் நீண்ட நாள் கிடந்தது. விஞ்ஞான பீடங்களில் 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், மிச்சம் 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. சரி, கோட்டாதான் காரணமென்றால் அந்தப் பையன் ஏன் விழுந்தான்?

காரணத்தைத் தேடினால் நாங்கள் உயர்தரத்துக்குப் படித்த முறையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் பாடசாலையில் கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கவில்லை. சனி, ஞாயிறு ஹட்டனுக்கு டியூஷன் போவோம். மாஸ்டர் நோட்ஸ் தருவார், பிறகு பாஸ்ட் பேப்பர், பிறகு மொடல் பேப்பர். இணைந்த கணிதம் முதலாம் பத்திரத்தின் பகுதி பியில் ஏழு கேள்வி, ஐந்து செய்ய வேண்டும். 14ஆவது வகையீடு, 15ஆவது தொகையீடு, 17ஆவது திரிகோணகணிதம் என்று கேள்வி இலக்கத்தைச் சொன்னாலே எதைப் பற்றிய கேள்வி என்று எங்களுக்குத் தெரியும். அந்த ஒழுங்கில் நூற்றுக்கணக்கான கேள்விகளைச் செய்து செய்து கை பழகிவிடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படிப் படிக்காமல் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து யாரும் கம்பஸ் வாசலை மிதிக்க முடியாது. ஆனால் அங்கே என்ன படிக்க வேண்டும், எந்தக் கிழமை படிக்க வேண்டும், எது வரும், எது வராது என்பதையெல்லாம் மாஸ்டர்தான் முடிவு செய்தார். எங்கள் வேலை செய்து முடிப்பது மட்டும். கம்பஸில் அந்த முடிவெடுக்கிற ஆள் கிடையாது. அந்த இடம் காலியாகிவிட்டது என்று ஒருவரும் சொல்வதுமில்லை.

போதாததற்கு முதல் சில கிழமைகள் நம்மை நன்றாக ஏமாற்றும். பௌதிகவியலில் விசையும் உந்தமும், கணிதத்தில் தொடைகளும் சார்புகளும் என்று எல்லாம் படித்த பாடங்களாகவே இருக்கும். ஆங்கிலத்தில் நடந்தாலும் கரும்பலகையில் எழுதுவது தெரிந்த விஷயம் என்பதால், ஓ இது நம்ம பாடம்தானே என்று நிம்மதியாக இருந்தேன். ஐந்தாவது, ஆறாவது கிழமையில் பாடம் திரும்புகிறது. அது திரும்பியதை நான் கவனிப்பதற்குள் மிட் பரீட்சை வந்துவிட்டது. புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன், லெக்சர் சுலபமாகத் தெரிகிற அந்த முதல் மாதத்தை ஓய்வு மாதமாக எடுக்க வேண்டாம். பின்னால் வருகிற அத்தியாயங்களை அப்போதே ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

எனக்கு எங்கே திரும்பியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உயர்தரத்தில் எல்லை என்றால் கணித்துப் பெறுமானம் எடுப்பது. எக்ஸ் பூச்சியத்தை அணுகும்போது சைன் எக்ஸை எக்ஸால் வகுத்தால் ஒன்று. அந்த முடிவைப் பிடித்துக்கொண்டு எந்த எல்லைக் கேள்வியையும் ஒரு கை பார்ப்போம். கம்பஸில் எல்லை கண்டுபிடிக்கச் சொல்லவே இல்லை. எல்லை 7 என்று அவர்களே தந்துவிட்டு, எப்சிலன் டெல்டா வரைவிலக்கணத்தைக் கொண்டு நிறுவு என்றார்கள். விடை தெரிந்த பிறகு இன்னும் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. கரும்பலகையில் இருந்ததை அச்சாகக் கொப்பி பண்ணினேன். இரவில் திறந்து பார்த்தால் ஒவ்வொரு வரியும் வாசிக்க முடிகிறது, ஏன் அந்த வரி அங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. ஆங்கிலம்தான் பிரச்சினை என்று நினைத்து ஆங்கில வகுப்புக்குக் காசு கட்டினேன். மூன்று மாதத்துக்கு 18,000 ரூபா. ஆங்கிலம் கொஞ்சம் முன்னேறியது, எப்சிலன் அப்படியே இருந்தது.

மொழி தடையில்லை என்று சொல்ல வரவில்லை. தமிழில் படித்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கிலத்தில் என்ன என்று தேடுவதிலேயே லெக்சரின் பாதி போய்விடும். அதற்கு நான் பிறகு செய்தது, நாளைய பாடத்தில் வரப்போகிற சொற்களை மட்டும் முதல் நாள் இரவே எழுதி வைப்பது. பத்துச் சொல்தான் இருக்கும், பத்து நிமிஷ வேலை. லெக்சர் முடிந்த பிறகு அகராதி பார்ப்பதால் பெரிதாகப் பயனில்லை.

அடுத்தது நேரக் கணக்கு. மாணவர் கைநூலில் கிரெடிட் என்று போட்டிருப்பார்கள், யாரும் அதைக் கணக்குப் பார்ப்பதில்லை. இலங்கையின் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்றால் மாணவர் மொத்தமாக 50 மணித்தியாலம் வேலை செய்ய வேண்டும். அதில் லெக்சர் 15 மணித்தியாலம்தான். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 150 மணித்தியாலத்தில் 45 வகுப்பில் போகும், மிச்சம் 105 நம் தலையில். 15 கிழமைக்குப் பிரித்தால் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் கிழமைக்கு ஏழு மணித்தியாலம் தனியாக உட்கார வேண்டும். ஐந்து பாடமென்றால் 35. டைம் டேபிளில் கிழமைக்கு 15 மணித்தியாலம் மட்டும் லெக்சரைப் பார்த்துவிட்டு, ஐயோ எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்று நினைத்தவள் நான். உயர்தரத்தில் அந்த மாதிரி நேரமெல்லாம் டியூஷன் என்ற பெயரில், வாத்தியாரின் பிரம்புக்கு முன்னால் கழிந்தது. இங்கே பிரம்பு இல்லாததால் அது ஓய்வு நேரம் மாதிரித் தெரிகிறது.

அந்த நேரத்தை என்னிடமிருந்து எடுத்தது காசுதான். நான் சேர்ந்த வருஷம் நாடே கவிழ்ந்து கிடந்தது. எண்ணெய் இல்லை, பஸ் இல்லை, 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்துக்கு வந்திருந்தது. தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபா, அதுவும் கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். பாதி லெக்சர் ஒன்லைனில் நடந்தது. வீட்டில் சிக்னல் கிடைக்காது, முருகன் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். மழை வந்தால் லெக்சர் போச்சு. மகாபொல புலமைப்பரிசில் அப்போது மாதம் 5,000 ரூபா, இப்போது கூட்டியிருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் வந்து காசு கையில் கிடைக்கும்வரை பல மாதம் ஒன்றுமே இல்லை. அம்மா ஒன்றரைப் பவுண் சங்கிலியை 110,000 ரூபாவுக்கு அடகு வைத்தார். போடிங் முற்பணம், ஒரு செக்கண்ட் ஹேண்ட் லெப்டொப், அதோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் பிடித்து ஊருக்கு வந்து, சனி ஞாயிறு சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்து, திங்கட்கிழமை காலை லெக்சருக்குத் தூங்கி விழுந்துகொண்டு போவேன். மாதம் 12,000 ரூபா வந்தது. திங்கட்கிழமை லேப் ஒன்றில் வருகை 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, அந்தப் பாடத்துக்குப் பரீட்சை எழுதவே விடவில்லை. 12,000 ரூபாவுக்குக் கொடுத்த விலை அது. உழைக்க வேண்டாம் என்று வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அறிவுரை சொல்ல எனக்கு வாய் வராது. எந்த நாளை விட்டுக் கொடுக்கிறோம் என்பதையாவது டைம் டேபிளை வைத்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். லேப் இருக்கிற நாளை ஒருபோதும் விற்காதீர்கள்.

ராகிங் பற்றி. பெரிய கொடுமை எனக்கு நடக்கவில்லை. ஆனால் முதல் மாதங்களில் இரவு பதினொரு மணிவரை சீனியர்மாருக்கு முன்னால் நிற்பதும், பாட்டுப் பாடுவதும், முன்வரிசையில் உட்காராதே, லெக்சரரிடம் கேள்வி கேட்காதே என்ற கட்டளைகளும் இருந்தன. அடியைவிட அந்தக் கட்டளைதான் படிப்பைக் கெடுத்தது. கேள்வி கேட்டுப் பழக வேண்டிய மாதத்தில் வாயை மூடப் பழக்கினார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி ராகிங் குற்றம். முறைப்பாடு செய்ய எல்லோருக்கும் துணிவு வராது, எனக்கும் வரவில்லை. லெக்சர் முடிந்து லெக்சரரின் அறைக்குத் தனியாகப் போய்க் கேட்பதையாவது யாரும் தடுக்க முடியாது.

அப்புறம் குப்பி. பரீட்சைக்கு முன்னால் விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கேள்வி செய்து காட்டுவார், கம்பஸ் வாழ்க்கையின் உயிர்நாடியே அதுதான். நானும் ஒரு அக்காவின் குப்பிக்கு விடாமல் போனேன். அவர் செய்யும்போது எல்லாம் விளங்கும், தலையை ஆட்டுவேன், மறுநாள் தனியாகச் செய்யப்போனால் முதல் வரியே வராது. பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவளைப் பார்த்துக்கொண்டு நின்றால் நம் கூடை நிறையுமா? கேள்வியை நாமே செய்து பார்த்து, எந்த வரியில் சிக்கினோம் என்று தெரிந்துகொண்டு குப்பிக்குப் போனால் அதைவிடப் பெரிய உதவி இல்லை. வெறுங்கையோடு போனால் விளங்கிவிட்டது என்ற பொய் நிம்மதிதான் மிஞ்சும். கெட்டிக்காரர்களுக்கு இது இன்னும் ஆபத்து, ஏனென்றால் அவர்களுக்கு மற்றவர் செய்வது சீக்கிரம் விளங்கிவிடும்.

முடிவு வந்த நாளில் நான் அழவில்லை, வெட்கமாக இருந்தது. வீட்டுக்குச் சொல்லவில்லை. அதற்கடுத்த மாதம் தோட்டப் பாடசாலையில் பரிசளிப்பு விழா, என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். மாலை போட்டார்கள். 'கம்பஸ் அக்கா மாதிரி வரணும்' என்று அதிபர் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிறார், நான் ஒவ்வொருவராகக் கைகொடுத்துப் புத்தகம் கொடுக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று புத்தகத்தை வாங்கிக்கொண்டு, 'அக்கா, நீங்க பெயிலே ஆனதில்லையா?' என்று கேட்டது. சிரித்துச் சமாளித்தேன். அன்றிரவு லயத்தில் தூக்கமில்லை. படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் உடுப்புக் கடை வேலைக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். கம்பஸ் போகாவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள், போய்விட்டுத் திரும்பி வந்தால்தான் பேச்சு. இந்தப் பயம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதிகம். முழுத் தோட்டத்தின் பெயரையும் முதுகில் ஏற்றி அனுப்புகிறார்கள், அதனாலேயே விழுந்ததை வெளியே சொல்ல முடிவதில்லை. சொல்லாததால் உதவியும் கிடைப்பதில்லை. மனது அந்த அளவுக்குப் போனால் 1926 என்ற இலக்கம் இருக்கிறது, தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசிச் சேவை.

அம்மாவுக்குச் சொன்னது பல மாதம் கழித்து. 'பெயிலுன்னா வெளிய அனுப்பிருவாங்களா?' என்று கேட்டார். இல்லம்மா, திரும்ப எழுதலாம் என்றேன். 'அப்ப எழுது' என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். நான் மாதக்கணக்கில் பயந்த உரையாடல் அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் கணித மெடமின் அறைக்குப் போனேன். ஆங்கிலம் வராதே என்று பயந்து பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன், வாசிக்க வேண்டி வரவில்லை. 'எந்த வரியில் நின்றீர்கள், காட்டுங்கள்' என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு கேள்வி. இரண்டு எக்ஸ் கூட்டல் ஒன்று என்ற சார்பு, எக்ஸ் 3ஐ அணுகும்போது எல்லை 7. விடை 7இலிருந்து 0.1க்கு மேல் விலகக் கூடாதென்றால் எக்ஸ் 3இலிருந்து எவ்வளவு விலகலாம்? எக்ஸ் விலகுவது போல இரண்டு மடங்கு விடை விலகும், ஆகவே 0.05 என்றேன். 0.01 என்றால்? 0.005. எந்தச் சிறிய எண்ணைத் தந்தாலும் உங்களால் சொல்ல முடியுமா? முடியும், பாதி எடுத்தால் போதும். 'அவ்வளவுதான், அந்தச் சிறிய எண் எப்சிலன், பாதி டெல்டா, நீங்கள் நிறுவிவிட்டீர்கள்' என்றார். அரை மணித்தியாலம்கூட இல்லை. ஒரு செமஸ்டர் முழுக்க என்னைத் தூங்கவிடாத விஷயம் அது. புரியாத வரைவிலக்கணம் வந்தால் அதில் எண்ணைப் போட்டுப் பார்க்கிற பழக்கம் அன்றைக்கு வந்தது, பிறகு பௌதிகத்திலும் அதுதான் கைகொடுத்தது. லெக்சரர்மார் எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன், ஒருவர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். எங்கே நின்றோம் என்று காட்டக்கூடிய ஒரு தாளோடு போனால் திருப்பி அனுப்புவது குறைவு. 'ஒன்றும் விளங்கவில்லை சேர்' என்று போனால் அவருக்கும் எங்கே தொடங்குவதென்று தெரியாது.

ரிப்பீட் எழுதினேன், பாஸ். ஆனால் விழுந்த பாடத்தைத் திரும்ப எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் எங்கள் பீடத்தில் சிக்கு மேல் தரமாட்டார்கள், அதாவது நாலுக்கு 2.0. இந்தக் கணக்கை முதல் வருஷத்திலேயே போட்டுப் பாருங்கள். மூன்று வருஷப் பட்டத்துக்கு 90 கிரெடிட். முதல் 15 கிரெடிட்டில் ஜீ.பி.ஏ. என்கிற புள்ளிச் சராசரி 1.5 என்றால், இரண்டாம் வகுப்பின் கீழ்ப்பிரிவுக்கு வேண்டிய 3.0ஐ எட்ட மிச்சம் 75 கிரெடிட்டிலும் சராசரி 3.3 எடுக்க வேண்டும், பி பிளஸ். ரிப்பீட்டில் மூன்று சி வந்த பிறகும் எனக்குச் சராசரி 3.1க்கு மேல் தேவைப்பட்டது. 2.94இல் முடித்தேன். நாலு வருஷச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகும் வாய்ப்பு இரண்டாம் வருஷத்திலேயே போய்விட்டது. ஒரு பாடம் வருஷத்துக்கு ஒருமுறைதான் நடக்கும் என்பதால் பெட்ச்சைவிட ஒரு வருஷம் பிந்தினேன். மகாபொல பட்டத்தின் வழமையான காலத்துக்கு மட்டும்தான், மேலதிக வருஷத்துக்கு ஒரு சதமும் இல்லை. அந்த வருஷம் வட்டி கட்ட முடியாமல் சங்கிலி ஏலத்துக்குப் போனது. அம்மா அதைப் பற்றி இன்றுவரை என்னிடம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பரீட்சை நாளில் சுகமில்லாமல் போனால் சும்மா வீட்டில் இருந்துவிடாதீர்கள். மெடிக்கல் (வைத்தியச் சான்றிதழ்) இல்லாமல் வராவிட்டால் அது ஒரு தடவை எழுதிய கணக்கு, அடுத்த முறை ரிப்பீட், உச்சம் சிதான். உரிய நாட்களுக்குள் மெடிக்கல் கொடுத்து ஏற்றுக்கொண்டால் அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே எண்ணப்படும், முழுப் புள்ளியும் கிடைக்கும். என் அறைத்தோழி காய்ச்சலோடு போய் எழுதி விழுந்தாள். அந்த ஒரு விதி தெரிந்திருந்தால் அவளுக்கு வகுப்புச் சித்தி கிடைத்திருக்கும். கைநூலில் இருக்கிறது, ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில். சேர்ந்த முதல் கிழமையே வருகை, மெடிக்கல், ரிப்பீட் பற்றிய பக்கங்களை மட்டுமாவது யாரையாவது பிடித்து வாசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொன்று. மகாபொலவுக்கும் பர்சரி என்கிற உதவித்தொகைக்கும் வருமான விபரம் கேட்பார்கள், கிராம உத்தியோகத்தரின் சான்று வேண்டும். தோட்டத்துப் பெற்றோருக்குச் சம்பளச் சீட்டும் தேவைப்படும். தோட்ட ஒபிசில் துரை கையெழுத்துக்குப் போனால் இன்று வா, நாளை வா என்று இழுத்துவிடும், பிள்ளை கம்பஸுக்குக் கிளம்பிய பிறகு அப்பா அம்மா அரை நாள் பேரை விட்டுவிட்டு அலைய வேண்டி வரும். முடிவு வந்த கையோடு, வீட்டில் இருக்கும்போதே அந்தச் சீட்டுகளை வாங்கி இரண்டு கொப்பி எடுத்து வைத்துவிடுங்கள்.